பெரம்பூர் கண்காட்சியில் ‘கார்க் செருப்பு’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வடசென்னைக் கல்யாண மண்டபங்களில் சனி, ஞாயிறு போடும் கண்காட்சிகளில் ‘100% இயற்கை’ என்று போர்டு வைத்துச் செருப்பு விற்கிறார்கள். கார்க் என்ற மரப்பட்டையில் சோல், சணல் வார், அடியில் பழைய டயர் ரப்பர், ஜோடி 2,400 ரூபாய். பெரம்பூரில் அம்மாவுக்கு வாங்கினேன். அதில் கார்க்கும் இல்லை, சணலும் இல்லை, டயரும் இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை. டாக்டர் போடச் சொன்னது எம்.சி.ஆர். செருப்பு, சர்க்கரை உள்ளவர்களின் பாதத்துக்காக மெத்தென்ற ரப்பரில் செய்வது. அதைச் சொல்லித்தான் விசாரித்தேன். “அது கெமிக்கல் ரப்பர் மேடம், இது மரப்பட்டை. அம்மா தாராளமா போடலாம்” என்றார் விற்றவர். என்னால் மன்னிக்கவே முடியாத பொய் இதுதான். சில வாரத்தில் குதிகால் பக்கம் சோல் அமுங்கிப் போய், வார் உரசி, சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வலி தெரியாது. கொப்புளம் உடைந்த பிறகுதான் நாங்களே பார்த்தோம். ஆறிவிட்டது, ஆனால் அந்த நாட்களில் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரில் ஒருமுறை நனைந்ததும் சோல் வாய் பிளந்துகொண்டது. வண்ணாரப்பேட்டை மார்க்கெட் ஓரம் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்தேன். குறுக்கே வெட்டிக் காட்டினார். “இன்னாமா இது, உள்ள வெள்ளை ஃபோமு. மேல கார்க் டிசைன் ஸ்டிக்கர் ஒட்டிக்கீறான்.” வாரிலிருந்து ஒரு இழையை உருவிக் கொளுத்தினார். சணலாக இருந்தால் எரிந்து சாம்பலாக உதிரும். இது உருகிச் சுருண்டு கெட்டி உருண்டையானது. பிளாஸ்டிக் நூல்.

கார்க் என்பது கார்க் ஓக் மரத்தின் பட்டை. அதிகம் வருவது போர்ச்சுகலிலிருந்து. மரத்தை வெட்டாமல் ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். அந்தப் பட்டையைக் குருணையாக்கிப் பசை சேர்த்து அழுத்தித்தான் சோல் செய்வார்கள், அதனால் எங்கே வெட்டினாலும் பழுப்புக் குருணை தெரியும். வெளியே மட்டும் புள்ளி புள்ளியாக இருந்து உள்ளே ஒரே நிறமாக வழவழவென்று இருந்தால் அது பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் ஃபோம். ‘வீகன் லெதர்’ என்று விற்பதிலும் நிறைய பி.யூ. அல்லது பி.வி.சி. பிளாஸ்டிக் பூசிய துணிதான். தோல் இல்லை என்பது உண்மை, அதற்காக இயற்கை ஆகிவிடாது.

விற்றவரிடம் போனில் கேட்டதற்கு “நேச்சுரல் பொருள் ஈரம் தாங்காது மேடம்” என்றார். வெட்டிய படத்தை அனுப்பியதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பில்லில் ‘ஃபேன்ஸி செருப்பு’ என்று மட்டும்தான் இருக்கிறது. போர்டில் எழுதிய எதையும் பில்லில் எழுதவில்லை. பொருளின் பெயரை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், போர்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆதாரமில்லாமல் ‘இயற்கை’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு விதிகளே கொண்டுவந்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். நான் பதிந்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை.

பணத்தை விட இன்னொன்று என்னை உறுத்துகிறது. பிய்ந்த இந்த ஃபோமும் கடைசியில் கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்குத்தான் போகும். அந்தப் புகையையும் நாற்றத்தையும் வருடக்கணக்காகச் சுமப்பது நம் பக்கத்து ஜனங்கள். பிளாஸ்டிக் குறையட்டும் என்று கூடுதல் காசு கொடுக்கிறவர்களிடமே பிளாஸ்டிக்கைத் தள்ளுகிறார்கள். பழைய டயரை அறுத்துச் செருப்பு செய்கிறவர்களும், தேய்ந்த சோலை மாற்றித் தருகிறவர்களும் போர்டு இல்லாமல் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். மறுபயன்பாடு என்று நான் நம்புவது அவர்கள் வேலையைத்தான்.

அதே கடை தண்டையார்பேட்டையிலும் ஸ்டால் போடப் போவதாக நோட்டீஸ் பார்த்தேன். போகிறவர்கள், வெட்டிய சோல் துண்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் சர்க்கரை உள்ளவர்களுக்கு என்றால் டாக்டரைக் கேட்காமல் செருப்பை மாற்றாதீர்கள்.