பக்கெட், டிரம், டோசிங் பம்ப்: கடல் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற எது வசதி?

சென்னை அபார்ட்மென்ட்டில் 200 லிட்டர் தொட்டி, இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம், இதுதான் என் கடல். வாரம் 10 சதவீதம் மாற்றினால் 20 லிட்டர், சரியாக ஒரு குடிதண்ணீர் கேன். கேட்கச் சின்ன வேலை. ஆனால் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து, லிட்டருக்குச் சுமார் 36 கிராம் உப்பு போட்டுக் கலக்கி, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) வருகிறதா என்று பார்த்து, அப்புறம் அத்தனையையும் தூக்க வேண்டும். தூக்குகிற இடத்தில்தான் வாரம் மாதமாகிவிடும். கடற்கரையில் போய் மொண்டு வரலாமே என்பவர்களுக்கு: கூவமும் அடையாறும் கலக்கிற கரை, மழைக்காலத்தில் உப்பும் இறங்கிவிடும். நான் வர மாட்டேன்.

பக்கெட், டியூப் வழியில் செலவே கிடையாது. மணலைக் கிளறி அழுக்கை உறிஞ்சி எடுப்பது இதில்தான் நன்றாக நடக்கும். 50, 60 லிட்டர் தொட்டிக்கு இதைத் தாண்டி யோசிக்க வேண்டாம். அதற்கு மேல் போனால் முதுகு பேசும்.

நான் இப்போது செய்வது டிரம் வழி. பால்கனியில் மூடி போட்ட 60 லிட்டர் டிரம், உள்ளே ஒரு சின்ன பம்ப். அதே பம்ப்பே உப்பைக் கலக்கும், ஹோஸ் மாட்டினால் தண்ணீரையும் அனுப்பும். ஒரு தடவை கலந்தால் மூன்று வாரம். (சில உப்புகளைக் கலந்த சில மணி நேரத்தில் ஊற்றச் சொல்லி உறையில் போட்டிருக்கும், அதைப் படித்துவிடுங்கள்.) சம்ப்பில், அதாவது தரைக்கடியில் இருக்கிற சம்ப் இல்லை, தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டியில், மார்க்கரால் இரண்டு கோடு. அங்கிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பை நிறுத்தி, தானாக நீர் நிரப்பும் கருவியையும் மறக்காமல் அணைத்து, மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோடு வரை வெளியே, பிறகு கீழிருந்து மேலே. கால் மணி நேரம். ஒரே ஆபத்து, ஹோஸ் முனை டிரம்மின் நீர்மட்டத்தைவிடக் கீழே இருந்தால், பம்ப்பை நிறுத்தினாலும் தண்ணீர் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். ஹாலைத் துடைத்தபிறகுதான் எனக்கு இது உறைத்தது. முனையை டிரம்மின் நீர்மட்டத்துக்கு மேலே கிளிப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

இரட்டைத் தலை டோசிங் பம்ப், அதாவது ஒரு தலை பழையதை வெளியேயும் இன்னொன்று புதியதை உள்ளேயும் டியூப் வழியாக அளந்து தள்ளும் பம்ப், சொகுசுதான், தினம் 2 லிட்டர் எடுத்து 2 லிட்டர் விடும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் புதுத் தண்ணீரே திரும்ப வெளியே போகாதா என்று கேட்பார்கள். போகும், ஆனால் தினம் 1 சதவீதம் வீதம் 30 நாளில் பழைய தண்ணீரில் 26 சதவீதம் வெளியேறியிருக்கும், ஒரேயடியாக மாற்றினால் 30. பெரிய நஷ்டம் இல்லை. தொல்லை வேறு இடத்தில். டியூப் தேயத் தேய இரண்டு தலையும் ஒரே அளவு தள்ளாது. வெளியே போவது கூடினால் குறைகிற மட்டத்தை நிரப்பும் கருவி நல்ல தண்ணீரால் சரிசெய்யும், உப்பு சத்தமில்லாமல் இறங்கும், உள்ளே வருவது கூடினால் ஏறும். மணல் அழுக்கு அப்படியே கிடக்கும், அதற்கு எப்படியும் பக்கெட்டை எடுக்கத்தான் வேண்டும்.

அடிக்கடி ஊருக்குப் போகிறவர், பெரிய தொட்டிக்காரர் இதை வாங்கலாம், மாதம் ஒருமுறை அளந்து பார்ப்பவராக இருந்தால். மற்றவர்கள் டிரம்மோடு நின்று, அந்தக் காசில் நீர் நிரப்பும் கருவியை முதலில் வாங்குங்கள். சென்னை வெயிலில் தினம் ஆவியாகிறதை ஊற்றுவதுதான், தண்ணீர் மாற்றுவதைவிடப் பெரிய இம்சை.