ஸ்மார்ட் டிவி வாங்கி நெட் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்

டிவி காட்டும் விளம்பரத் தொல்லை தாங்காமல்தான் இப்படிச் செய்தேன். நான் சொல்வது சேனலில் வரும் விளம்பரத்தை அல்ல. டிவியைப் போட்டதும் முகப்பில் பாதித் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, அதை. எங்கள் வீட்டுப் பழைய டிவியில் (பிராண்டு பெயர் வேண்டாம்) வாங்கியபோது அப்படி எதுவும் இல்லை, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வந்து உட்கார்ந்துகொண்டது. நம் காசில் வாங்கிய பெட்டி, நம் வீட்டு மின்சாரம், இடம் மட்டும் யாருக்கோ வாடகைக்குப் போகிறது.

புதிது வாங்கக் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு கடைக்குப் போய், "அண்ணே, ஸ்மார்ட் இல்லாத டிவி இருக்கா?" என்றேன். "32 அங்குலத்துல ஒண்ணு ரெண்டு கிடைக்கும் தம்பி, அதுக்கு மேல தேடாதீங்க" என்றார். உண்மைதான். விளம்பரத்தில் வரும் காசு அப்படி. அமெரிக்க விசியோ நிறுவனத்துக்கு 2021இல் டிவி விற்றுக் கிடைத்ததைவிட விளம்பரம், தரவு பக்கத்திலிருந்துதான் மொத்த லாபம் அதிகமாக வந்தது. அதற்கு முன்பே, 2017இல், சொல்லாமல் கொள்ளாமல் பார்வையாளர் விவரம் சேகரித்ததற்காக அது 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் 43 அங்குல மானிட்டரும் பார்த்தேன். படம் அருமை, ஆனால் சேனலைப் பிடிக்கும் டியூனர் கிடையாது, ஸ்பீக்கர் சத்தம் ஹாலுக்குப் பத்தாது. மானிட்டர் என்று நம்பியும் வாங்கிவிடாதீர்கள், 'ஸ்மார்ட் மானிட்டர்' என்று விற்பதில் டிவியில் இருக்கும் அதே இயங்குதளம்தான் இருக்கும். கடைகளில் மாட்டும் சைனேஜ் டிஸ்ப்ளே இன்னொரு வழி. விலையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

கடைசியில் வாங்கியது 'கூகுள் டிவி' என்ற இயங்குதளத்தில் ஓடும் 50 அங்குல டிவி ஒன்று, 2,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்). அதை வாங்கக் காரணமே ஒன்றுதான். முதன்முதலில் போடும்போது 'கூகுள் டிவி' வேண்டுமா 'பேசிக் டிவி' வேண்டுமா என்று கேட்கும். பேசிக்கைத் தேர்ந்தெடுத்தால் ஆப் இல்லை, பரிந்துரை இல்லை, கூகுள் கணக்கும் கேட்காது. ஆன்டெனா சேனலும், வெளிப் பெட்டிகளைச் செருகும் எச்.டி.எம்.ஐ. இணைப்புகளும் மட்டும். வைஃபை திரை வரும்போது 'தவிர்' என்பதை அழுத்தி நகர்ந்துவிடுங்கள். கடைக்காரர் வீட்டுக்கு வந்து செட் பண்ணித் தருகிறேன் என்றால் பக்கத்தில் நின்று பாருங்கள், அவர்கள் கை பழக்கத்தில் முழு 'கூகுள் டிவி' முறைக்குத்தான் போகும்.

ஜன்னலோரம் ஒரு சின்ன யு.எச்.எஃப் ஆன்டெனா வைத்தேன். மலேசியாவில் 2019இல் அனலாக் ஒளிபரப்பு நின்ற பிறகு இலவசச் சேனல்கள் எல்லாம் டிஜிட்டல், டியூனர் டிவிக்குள்ளேயே இருக்கிறது, டிவி2இல் தமிழ்ச் செய்தி பளிச்சென்று வருகிறது. அம்மா பார்க்கும் வானவில், விண்மீன் சேனல்களுக்குக் கட்டண டிவியான ஆஸ்ட்ரோவின் பெட்டி. யூடியூப், படங்களுக்கு ஆப்பிள் டிவி பெட்டி. அதிலும் மேல் வரிசையில் ஆப்பிள் தன் தொடர்களைக் காட்டி ஆசை மூட்டும். ஆப்பிளின் அந்த டிவி ஆப்பை மேல் வரிசையிலிருந்து கீழே இறக்கிவிட்டால் சரி.

'பெட்டியில்தானே பார்க்கிறோம், டிவிக்கும் நெட் இருந்தால் என்ன?' என்று தம்பி கேட்டான். திரையில் ஓடுவதை அடையாளம் காணும் ஏ.சி.ஆர். என்ற வசதி, எச்.டி.எம்.ஐ. வழியாக வருவதையும் கண்காணித்து நெட் வழியாக அனுப்பும் என்று 2024இல் சாம்சங், எல்ஜி டிவிகளை வைத்து நடந்த ஆய்வில் தெரிந்தது. அமைப்பில் அணைத்தால் அது நின்றுவிடுகிறது என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஆகவே நெட்டைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பவர்கள் சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்று தேடி அணையுங்கள். மெனுவின் அடி ஆழத்தில் இருக்கும், பொறுமை வேண்டும்.

குறைகளும் உண்டு. முகப்பில் கூகுள் டிவியை அமைக்கச் சொல்லும் அழைப்பு ஒன்று போகமாட்டேன் என்கிறது. ரிமோட்டில் நெட்ஃபிளிக்ஸ் பொத்தான் சும்மா கிடக்கிறது. போனிலிருந்து நேராக டிவிக்குப் படம் அனுப்ப முடியாது, ஆப்பிள் பெட்டி வழியாகத்தான். பெட்டிக்குத் தனியாகச் சில நூறு வெள்ளி ஆகும், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அப்புறம், எச்.டி.எம்.ஐ. துளை மூன்று இருக்கிறதா என்று பின்னால் எட்டிப் பாருங்கள். மலிவு மாடல்களில் சிலவற்றுக்கு இரண்டுதான், ஆஸ்ட்ரோவுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று போனால் சவுண்ட்பாருக்கு இடமிருக்காது.