ஹூடாஸ் 2.0 வினாத்தாள்: உதவித்தொகை விண்ணப்பத்துக்கு எவ்வளவு துணை?

மனநலப் பாதிப்பின் பேரில் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பலர், மருத்துவச் சான்றில் நோயின் பெயர் இருந்தாலே போதும் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நோயால் ஒருவரின் அன்றாட வாழ்க்கை எந்த அளவுக்கு முடங்கியிருக்கிறது என்பதும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது பார்க்கப்படும். அதை எழுத்தில் கொண்டுவருவதற்காக, மனச்சிதைவு நோயுள்ள என் தம்பிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0 வினாத்தாளைப் பயன்படுத்தினோம்.

முழு வடிவத்தில் 36 கேள்விகள் உள்ளன. புரிதல், நடமாட்டம், தன்பராமரிப்பு, பிறருடன் பழகுதல், வீட்டு மற்றும் தொழில் பொறுப்புகள், சமூகப் பங்கேற்பு ஆகிய ஆறு பிரிவுகளில், கடந்த 30 நாட்களில் இருந்த சிரமத்தை ஐந்து படிகளில் குறிக்க வேண்டும். யார் நலம் விசாரித்தாலும் "நன்றாக இருக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் தம்பி, ஒரு செயலில் பத்து நிமிடம் கவனம் செலுத்த முடிகிறதா என்ற கேள்விக்கு நெடுநேரம் யோசித்து, "கடுமையான சிரமம்" என்று தானே குறித்தான். நோய்க்குறிகளைத் துருவாமல் வாழ்க்கையைப் பற்றிக் கேட்பதால், அவன் கூசாமல் பதில் சொன்னான். இந்த வினாத்தாளின் பெரிய பலம் இதுதான்.

குறைகளும் சிறியவை அல்ல. ஒரு செயலை வழக்கமாக எப்படிச் செய்கிறோமோ, அந்த நிலையில் உள்ள சிரமத்தையே குறிக்கச் சொல்கிறார்கள். பிறர் செய்யும் உதவியும் அதில் அடங்கிவிடுகிறது. அம்மா திரும்பத் திரும்ப நினைவூட்டி, துணி எடுத்துக் கொடுத்து, கதவுக்கு வெளியே காத்து நிற்பதால்தான் தம்பி குளிக்கிறான். தாளிலோ அது "லேசான சிரமம்" என்று பதிவாகிறது. நல்ல நாட்களையும் மோசமான நாட்களையும் சராசரியாக்கிப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், விட்டுவிட்டு வரும் நோயின் கடுமையும் மங்கிவிடுகிறது. குறிப்பாக, அளவுமீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு 30 நாள் கணக்கு போதவே போதாது. ஆகவே, யார் என்ன உதவி செய்கிறார்கள், அந்த உதவி இல்லாத நாளில் என்ன நடக்கிறது, மோசமான காலம் எவ்வளவு நீடிக்கிறது என்பவற்றைத் தனித் தாளில் எழுதி இணைப்பது அவசியம்.

12 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவத்தை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பிரிவுக்கு இரண்டே கேள்விகள். முழு வடிவத்தை நிரப்பி, குறிப்புகளோடு மனநல மருத்துவரிடம் கொடுத்து, அவருடைய அறிக்கையில் இந்த விவரங்கள் இடம்பெறுமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.