ஆசிரியரைக் கொல்வதே வீட்டுப்பாடம்: ‘அசாசினேஷன் கிளாஸ்ரூம்’ அனிமே விமர்சனம்

சந்திரனில் எழுபது சதவீதத்தை அழித்து அதை நிரந்தரப் பிறையாக்கிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு மஞ்சள் நிற ஆக்டோபஸ் உயிரினம், அடுத்த மார்ச் மாதத்தில் பூமியையும் அழிக்கப்போவதாக அறிவித்துவிட்டு, அதுவரை ஒரு நடுநிலைப் பள்ளியில் வகுப்பாசிரியராக இருக்க விரும்புகிறது. மாக் 20 வேகத்தில், அதாவது ஒலியைவிட இருபது மடங்கு வேகத்தில், பறக்கும் அவரை எந்த ராணுவத்தாலும் தொட முடியாததால், ஜப்பானிய அரசு அதற்கு உடன்பட்டு, அவரைக் கொல்லும் பொறுப்பை அவரிடம் படிக்கும் மாணவர்களிடமே ஒப்படைத்து, ஆயிரம் கோடி யென் பரிசும் அறிவிக்கிறது. மாணவர்கள் கோரோசென்செய் என்று பெயரிட்டு அழைக்கும் அந்த ஆசிரியரின் கதையை, யுசெய் மட்சுயி வரைந்த மங்காவிலிருந்து (ஜப்பானியப் படக்கதை) லெர்சே நிறுவனம் செய்ஜி கிஷியின் இயக்கத்தில் 2015, 2016 ஆண்டுகளில் இரண்டு பருவங்களாக, மொத்தம் 47 பகுதிகளில் அனிமேவாக (ஜப்பானிய அசைவூட்டத் தொடராக) ஆக்கியது.

கேட்பதற்கு ஒரே நகைச்சுவையை இழுத்துக்கொண்டே போகும் கதைபோலத் தோன்றினாலும், இத்தொடர் உண்மையில் கற்பித்தலைப் பற்றியது. அந்த விஷயத்தில் அது ஒருபோதும் விளையாடுவதில்லை என்பதால்தான் மற்ற விளையாட்டுகள் எல்லாம் எடுபடுகின்றன. குனுகிகாவோகா பள்ளியின் 3-இ வகுப்பு, மதிப்பெண் குறைந்தவர்களையும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்களையும் தள்ளிவைக்கும் இடம். முதன்மை வளாகத்திலிருந்து விலகி, மலைமேல் ஒரு பழைய மரக்கட்டடத்தில் அது இயங்குகிறது. பள்ளிக் கூட்டங்களில் மற்ற மாணவர்கள் வெளிப்படையாக இவர்களைப் பார்த்துச் சிரிக்க அனுமதி உண்டு.

முதல் பகுதியிலேயே இத்தொடரின் தரம் தெரிந்துவிடுகிறது. தெரசாகா என்ற முரட்டு மாணவனின் கூட்டம், நகிசா என்ற அமைதியான மாணவனின் கழுத்தில் ஒரு கையெறிகுண்டைத் தொங்கவிட்டு ஆசிரியரிடம் அனுப்புகிறது. அவன் புன்னகையுடன் அவரை அணைத்துக்கொள்ள, குண்டு வெடிக்கிறது. மாதத்திற்கு ஒருமுறை மட்டுமே உரிக்கக்கூடிய தம் மேல்தோலை அவன்மீது போர்த்தி அவர் காப்பாற்றிவிடுகிறார். அதுவரை எப்போதும் சிரித்துக்கொண்டிருந்த முகம் கறுத்துப்போக, கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே சென்று மாணவர்களின் வீட்டுப் பெயர்ப்பலகைகளைக் கொண்டுவந்து கொட்டுகிறார். பிறகு, நகிசா எவ்வளவு இயல்பாக நெருங்கினான் என்று பாராட்டிவிட்டு, அவன் உயிரை அவன் நண்பர்களும் மதிக்கவில்லை, அவனும் மதிக்கவில்லை என்று கண்டிக்கிறார். தம்மைக் கொல்ல வந்த திட்டத்தைத் திருத்துவதற்கு வந்த விடைத்தாளைப்போல அவர் அணுகும் இந்த முறையிலிருந்தே நகைச்சுவையும் பிறக்கிறது, மரியாதையும் பிறக்கிறது.

பேஸ்பால் வீச்சில் நம்பிக்கை இழந்த மாணவன் சுகினோவுக்காக நியூயார்க் வரை பறந்துபோய், ஒரு தொழில்முறை வீரரின் உடலமைப்பைத் தம் கரங்களால் ஆராய்ந்துவிட்டு வருவதும், தேர்வுக்கு முன் தம் வேகத்தால் பல பிம்பங்களாகப் பிரிந்து ஒவ்வொரு மாணவருக்கும் அவரவர் பலவீனமான பாடத்தைத் தனித்தனியே நடத்துவதும் இதே வகையில் சேரும். பாடத்தின் பெயரெழுதிய தலைப்பட்டைகளுக்கு நடுவே தெரசாகாவுக்கு மட்டும் ‘நருடோ’ என்ற வேறொரு அனிமேயின் பட்டை கட்டியிருப்பது போன்ற சிறு குறும்புகளைக் கவனித்துப் பார்ப்பவர்களுக்கு விருந்து. கோரோசென்செய்க்குப் பேசும் ஜுன் ஃபுகுயாமாவின் குரல் இல்லாவிட்டால் இவற்றில் பாதி நிற்காது; அசடு வழியும் சிரிப்பிலிருந்து மிரட்டலுக்கு அவர் நகரும் விதம் வியப்பூட்டுகிறது.

எதிர்த்தரப்பில் நிற்கும் பள்ளித் தலைவர் அசானோ, துப்பாக்கியோடு வரும் எந்தக் கொலையாளியையும்விட அச்சம் தருபவர். ஒரு வகுப்பை இழிவுபடுத்தினால் மற்றவர்கள் பயந்து உழைப்பார்கள் என்பதே அவருடைய கல்விக்கொள்கை. இடைத்தேர்வில் பாடப்பகுதியைக் கடைசி நேரத்தில் மாற்றி அவர் 3-இ வகுப்பைத் தோற்கடிக்கும்போது, முதல் ஐம்பது இடங்களுக்குள் வர வேண்டும் என்று மாணவர்களுக்கு இலக்கு வைத்திருந்த கோரோசென்செய் வகுப்பைப் பார்க்கக் கூசி முதுகைக் காட்டி நிற்கிறார். அந்த முதுகை நோக்கிக் கத்தியை வீசி அவரைத் திரும்பவைப்பவன் கார்மா என்ற மாணவன். மாற்றிய பகுதியும் அவனுக்கு முன்பே கற்பிக்கப்பட்டிருந்ததால் அவன் மதிப்பெண் மட்டும் சரியவில்லை. மொத்தத் தொடரிலும் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுவே.

குறைகளும் உண்டு. ஆங்கிலம் கற்பிக்க வரும் கொலையாளி இரினா, பதின்பருவ மாணவர்களை முத்தமிடுவதை நகைச்சுவையாக நீட்டிப்பது ரசிக்கத்தக்கதன்று. பின்னாளில் அவருக்குக் கிடைக்கும் நல்ல காட்சிகள்கூட அந்த உறுத்தலைப் போக்கவில்லை. தீவுச் சுற்றுலாவை ஒட்டிய சண்டைகள் தேவைக்கு மேல் நீள்கின்றன. இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்களில் பலர், ஒரு பகுதியில் ஒளிர்ந்துவிட்டுக் கூட்டத்தில் கரைந்துபோகின்றனர். இரண்டாம் பருவம் மங்காவின் சில பகுதிகளைச் சுருக்கியும் விட்டுவிட்டும் விரைகிறது. ஆனால் ஆசிரியரின் கடந்தகாலம் வெளிப்பட்ட பிறகு வரும் பகுதிகளில் அந்த விரைவு உறுத்தவில்லை.

ஜப்பானிய ஒலியில் வசனவரிகளோடு பார்ப்பது நல்லது. கத்தி, துப்பாக்கி, தற்கொலை முயற்சியை ஒத்த காட்சிகள் இருப்பதால் சிறுவர்களைத் தனியே பார்க்கவிடாமல் பெற்றோர் உடனிருக்கலாம். 2016 நவம்பரில் வெளிவந்த தொகுப்புத் திரைப்படத்தை மட்டும் பார்த்து நேரத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு, மாணவர்களோடு அந்த ஓராண்டைக் கழித்த உணர்வு கிடைக்காது. தொடரை முடித்தபின் அதைப் பார்க்கலாம்.