‘மொனார்க்ஸ் இன் தி ரஃப்’: கோல்ஃப் மைதானத்தில் ஒரு ஏக்கர் காட்டுப்பூ – ஒரு மதிப்பீடு

ஆடுபான் இன்டர்நேஷனல் என்ற அமைப்பும் என்விரான்மென்டல் டிஃபென்ஸ் ஃபண்ட் என்ற அமைப்பும் சேர்ந்து 2018இல் தொடங்கிய ‘மொனார்க்ஸ் இன் தி ரஃப்’, கோல்ஃப் மைதானங்களில் ஆட்டத்துக்குப் பயன்படாமல் கிடக்கும் நிலத்தை மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளும் தேனீக்களும் வாழத் தகுந்த காட்டுப்பூத் திடலாக மாற்றுவதற்கு உதவும் ஒரு சேவை. ரஃப் என்பது ஆட்டப் பாதைக்கு வெளியே உயரமாக விடப்படும் புல்வெளி. சேருகிற மைதானத்திடம் அது எதிர்பார்ப்பது ஏறத்தாழ ஒரு ஏக்கர். தருவது மொனார்க் புழுவின் உணவான மில்க்வீட் செடியின், அந்தந்த வட்டாரத்துக்கு ஏற்ற விதையும், அதை வளர்த்தெடுப்பதற்கான வழிகாட்டலும். ஒஹாயோ மாநிலத்தின் வடபகுதியில் நான் ஆடும் பொது மைதானத்தில் இதே முறையைப் பின்பற்றி ஒரு திடல் உருவாகியிருக்கிறது. அந்த மைதானத்தின் பசுமைக் குழுவில் இருப்பவன் என்ற முறையில், இதில் சேரலாமா என்று யோசிக்கும் மற்ற மைதானத்தாருக்காக இதை எழுதுகிறேன். பறவைகளுக்குப் பெயர்பெற்ற நேஷனல் ஆடுபான் சொசைட்டி வேறு, 1991இலிருந்து கோல்ஃப் மைதானங்களுக்குச் சுற்றுச்சூழல் சான்றிதழ் வழங்கிவரும் இந்த ஆடுபான் இன்டர்நேஷனல் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோல்ஃப் மைதானத்தில் இதற்கு இடம் எங்கே என்று கேட்பவர்கள் நிலக்கணக்கைப் பார்த்தால் போதும். அமெரிக்காவில் 18 குழிகள் கொண்ட மைதானம் சராசரியாக 150 ஏக்கர் இருக்கும். டீ (முதல் அடி அடிக்கும் இடம்), ஃபேர்வே (அங்கிருந்து குழியை நோக்கிச் செல்லும் வெட்டிய புல்பாதை), கிரீன் (குழியைச் சுற்றிய மென்புல்) எல்லாம் போக, குளக்கரையிலும் மரக்கூட்டங்களுக்கு இடையிலும் அடுத்தடுத்த ஃபேர்வேக்களின் நடுவிலும் யாரும் கால் வைக்காத நிலம் கணிசமாக மிஞ்சும். அதையும் வாரந்தோறும் வெட்டி, நீர் பாய்ச்சி, உரமிட்டு ஒரே பச்சையாக வைத்திருப்பதுதான் வழக்கம். பார்க்க அழகுதான் என்றாலும், ஒரு தேனீ வந்தால் பசியோடுதான் திரும்ப வேண்டும்.

மொனார்க்கின் நிலையோ கவலைக்குரியது. மெக்சிகோ மலைகளின் ஃபிர் மரக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மொனார்க்குகள் 1996-97இல் 18 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டில் மரங்களை மூடி அமர்ந்திருந்தன. 2013-14இல் அந்தப் பரப்பு 0.67 ஹெக்டேராகச் சுருங்கியது. 2023-24இல் 0.9 ஹெக்டேராக இருந்தது, அடுத்த குளிர்காலத்தில் 1.79 ஹெக்டேராக ஏறியது. களைக்கொல்லியைத் தாங்கும் மக்காச்சோளமும் சோயாவும் பரவிய பிறகு, மத்திய மேற்கு மாநிலங்களின் வயல்களில் பயிருக்கு இடையே வளர்ந்துவந்த மில்க்வீட் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டதே இந்த வீழ்ச்சிக்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஏனெனில், மொனார்க்கின் புழு மில்க்வீட் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. மில்க்வீட் நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. ஊரில் எருக்கஞ்செடியைச் சுற்றிப் பறக்கும் வெந்தய வரியனும் மொனார்க்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால், தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த உறவு புதிதாக இருக்காது.

இனி சேவையின் தரம். விதைத் தேர்வில் எனக்குக் குறை எதுவும் இல்லை. எங்கள் பகுதியைப் பொறுத்தவரை, சாதாரண மில்க்வீட்டும் ஈரநிலத்து மில்க்வீட்டும்தான் அடிப்படை. அவற்றோடு ஊதா நிறக் கூம்புப்பூ, கருவிழி சூசன், பெர்கமாட், கோல்டன்ராட், ஆஸ்டர் ஆகியவற்றையும் சேர்த்தால் ஜூன் முதல் அக்டோபர் வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். கடைகளில் விற்கும் பளபளப்பான ‘காட்டுப்பூக் கலவை’ப் பொட்டலங்களில் பெரும்பாலும் ஒரே கோடையில் பூத்து மடியும் வெளிநாட்டுச் செடிகள்தான் இருக்கும், அவை முதல் ஆண்டு படம் எடுக்க உதவும், மூன்றாம் ஆண்டு அங்கே களைதான் மிஞ்சும். உள்ளூர் வகைகளையே வலியுறுத்தும் இந்தத் திட்டத்தின் பிடிவாதம் பாராட்டத்தக்கது.

ஆனால், விதை என்பது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. செலவும் உழைப்பும் நிலத்தைத் தயார்செய்வதில்தான் இருக்கின்றன. பல ஆண்டுகள் உரம் தின்று தடித்த புல்தரையின் மேல் விதையைத் தூவினால் ஒன்றும் முளைக்காது. பழைய புல்லை வேரோடு சாகடித்து, மண் தெரியும்படி ஆக்க வேண்டும், அதற்கு ஒரு கோடை முழுவதும் போய்விடும். மில்க்வீட் விதை ஈரக்குளிரில் சில வாரங்கள் கிடந்தால்தான் நன்றாக முளைக்கும் என்பதால், பனி விழுவதற்கு முன் நவம்பரில் விதைத்துவிட்டு வசந்தம் வரும்வரை காத்திருப்பதே நல்லது. முதல் ஆண்டில் செடி மேலே வளர்வதைவிடக் கீழே வேர்விடுவதில்தான் கவனமாக இருக்கும். அப்போது களைகள் அதை மூடிவிடாமல் இருக்க, முழங்காலுக்குக் கீழே ஓர் உயரத்தில் சில முறை வெட்டிவிட வேண்டும். இங்குள்ள தோட்டக்காரர்கள் இந்தச் செடிகள் முதல் ஆண்டு தூங்கும், இரண்டாம் ஆண்டு ஊரும், மூன்றாம் ஆண்டு பாயும் என்பார்கள். எங்கள் திடலும் அந்தக் கணக்கில் பிசகவில்லை. முதல் கோடையில் அது கைவிடப்பட்ட மனைபோலத்தான் இருந்தது. கிளப் ஹவுஸில் வந்த புகார்களைச் சமாளிக்க எங்கள் பராமரிப்பு அலுவலர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இந்த இடத்தில்தான் வழிகாட்டலின் மதிப்பு தெரிகிறது. மூன்று ஆண்டுப் பொறுமை தேவை என்பதை உறுப்பினர்களிடம் முன்கூட்டியே சொல்லி, திடலின் ஓரத்தில் அறிவிப்புப் பலகை வைத்து, சுற்றிலும் ஒரு வெட்டு அகலத்துக்குப் புல்லை ஒழுங்காக நறுக்கிவிட்டால், உள்ளே இருப்பது அலட்சியத்தால் வளர்ந்த புதர் அன்று, யோசித்து வளர்த்த திடல் என்பது பார்ப்பவர் எவருக்கும் புரியும். இந்த எளிய ஏற்பாட்டுக்குப் பிறகு எங்கள் மைதானத்தில் புகார்கள் பெருமளவு குறைந்தன. இதைச் செய்யாமல் விதையை மட்டும் வாங்கித் தூவும் மைதானங்கள் இரண்டாம் ஆண்டே வெட்டும் இயந்திரத்தை உள்ளே விட்டுவிடும் என்பது என் ஊகம்.

மூன்றாம் கோடையில் அந்தத் திடலில் குனிந்து பார்ப்பதற்கு நிறைய இருந்தது. மொனார்க் புழு இலையைத் தின்பதற்கு முன், அதன் நடுநரம்பைக் காம்புக்கு அருகே மென்று அறுத்துவிடும். இலை தளர்ந்து தொங்கும், செடியின் பிசுபிசுப்பான பால் அதற்குமேல் ஏறாது, பிறகு நுனியிலிருந்து நிதானமாகத் தின்னத் தொடங்கும். மில்க்வீட் பூவில் இன்னொரு வேடிக்கை உண்டு. மற்ற பூக்களைப்போல மகரந்தத்தைப் பொடியாக உதிர்க்காமல், அது இரண்டு மஞ்சள் பைகளை ஒரு சிறு கவ்வியில் கோத்து வைத்திருக்கும். தேன் குடிக்க வரும் தேனீயின் கால் பூவின் பிளவில் வழுக்கி உள்ளே போகும்போது, அந்தக் கவ்வி காலில் மாட்டிக்கொள்ளும். தேனீ உதறிப் பறக்கும்போது பைகளும் கூடவே போகும். பெரிய பம்பிள் தேனீக்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சிறிய தேனீக்கள் சில நேரம் கால் சிக்கி அங்கேயே உயிர்விடுவதும் உண்டு.

திட்டம் மொனார்க்கின் பெயரில் விற்கப்பட்டாலும், மகரந்தச் சேர்க்கையின் பெரும்பங்கைச் செய்வது தேனீக்கள்தான். மொனார்க் அந்த வேலையில் கெட்டிக்காரி அல்ல. வண்ணத்துப்பூச்சியைக் காட்டினால் உறுப்பினர்கள் சம்மதிப்பார்கள், தேனீயைக் காட்டினால் கொட்டுமா என்று கேட்பார்கள் என்ற நடைமுறை ஞானம் இதன் பின்னால் இருக்கக்கூடும். அதைக் குறையாக நான் எண்ணவில்லை. ஆனால், தேனீக்களுக்கு வேண்டியது பூ மட்டுமன்று. உள்நாட்டுத் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் கூடுகட்டுபவை. அவற்றுக்குப் புல் மூடாத, வெயில் படும் வெறும் மண்ணும், தண்டுக்குள் கூடுகட்டும் மற்றவற்றுக்குக் காய்ந்த தண்டுகளும் அருகில் இருக்க வேண்டும். ஹவாய் போன்ற தீவுகள் நீங்கலான அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் அழியும் நிலையிலுள்ளதாக 2017இல் சட்டப்படி பட்டியலிடப்பட்ட முதல் தேனீ துருநிறப் பட்டை பம்பிள் தேனீதான் என்பதை நினைத்தால், திட்டத்தின் பெயர்ப்பலகையில் தேனீக்கும் ஒரு மூலையாவது கிடைத்திருக்கலாம்.

ஆட்டக்காரர்களின் தரப்பில் எழும் முக்கிய அச்சம், உயரமான செடிகளுக்குள் போன பந்தைத் தேடி நேரம் வீணாகும் என்பது. இது நியாயமான அச்சம்; ஆனால், தீர்க்க முடியாததன்று. 2019இல் திருத்தப்பட்ட கோல்ஃப் விதிகளின்படி, தண்ணீர் இல்லாத இடத்தையும் மைதானக் குழு சிவப்புக் கம்பு நட்டுத் தண்டப் பகுதியாக அறிவிக்கலாம். அதை விளையாடத் தடை செய்யப்பட்ட பகுதியாகவும் குறிக்கலாம். பந்து உள்ளே போய்விட்டது என்பது உறுதியானால் ஒரு தண்ட அடியோடு வெளியே வேறு பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடரலாம். செடிகளும் மிதிபடாமல் தப்பிக்கும். அதே திருத்தத்தில், பந்தைத் தேடும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டதும் நமக்குச் சாதகம். திடலை, நடுத்தர ஆட்டக்காரரின் டிரைவ் (டீயிலிருந்து அடிக்கும் நீண்ட முதல் அடி) வழக்கமாக வந்து விழும் தூரத்தில் அமைக்காமல், டீக்கு முன்னால் பந்து மேலே தாண்டிப் போகும் நிலத்திலோ எல்லை வேலி ஓரத்திலோ அமைப்பது புத்திசாலித்தனம்.

இடத்தேர்வில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில், மற்ற பூச்செடிகளுக்கு நடுவே மறைந்திருந்த மில்க்வீட்டைவிட, திடலின் விளிம்பில் தனித்துத் தெரியும்படி நடப்பட்ட மில்க்வீட்டில்தான் மொனார்க்குகள் அதிகமாக முட்டையிட்டன. விதையை ஒரே கலவையாகத் தூவும் முறையில் இதைக் கடைப்பிடிக்க முடியாது. மில்க்வீட்டைத் தனியாக ஓரங்களில் விதைப்பதோ, நாற்றாக நடுவதோ கூடுதல் வேலைதான், ஆனால் பலன் உண்டு.

எனக்குள்ள பெரிய தயக்கம் பூச்சிமருந்து பற்றியது. ஒரு ஏக்கரில் விருந்து வைத்துவிட்டு, மீதி ஃபேர்வேக்களில் புல்வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவைக் கொல்ல இமிடாகுளோபிரிட் போன்ற நியோனிகோடினாய்டு வகைப் பூச்சிமருந்துகளை இடும் மைதானங்கள் உண்டு. புல்லுக்கிடையே தானாக முளைக்கும் குளோவர் செடி பூத்திருக்கும்போது அந்த மருந்தை இட்டால், தேனீக்கள் அதைத் தேனோடு சேர்த்துக் குடிக்கும். மருந்திடும் முன் பூக்களை வெட்டிவிடுவது, காற்றடிக்கும் நாளில் தெளிக்காமல் இருப்பது, திடலைச் சுற்றி மருந்தில்லா இடைவெளி விடுவது ஆகிய மூன்றையும் கடைப்பிடிக்காத மைதானத்துக்கு அறிவிப்புப் பலகை வைக்கும் தகுதி இல்லை என்பதே என் கருத்து. பூச்சிமருந்து நிறுவனமான சின்ஜென்டா நடத்தும் ‘ஆப்பரேஷன் பாலினேட்டர்’ என்ற திட்டமும் கோல்ஃப் மைதானங்களில் இதே வேலையைச் செய்கிறது. அதன் தொழில்நுட்பக் குறிப்புகள் உண்மையிலேயே பயனுள்ளவை. ஆனால், ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்குத் தடைசெய்த மூன்று நியோனிகோடினாய்டுகளுள் ஒன்றான தியாமெத்தோக்ஸாமை உருவாக்கியதும் அதே நிறுவனக் குடும்பம்தான் என்பதை அறிந்துகொண்டு சேருவது நல்லது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ‘மொனார்க்ஸ் இன் தி ரஃப்’ பக்கம்தான் நிற்பேன்.

வருமானம் குறைவான நகராட்சி மைதானங்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். திடல் வேரூன்றிய பிறகு, வாரந்தோறும் வெட்டிய ஒரு ஏக்கரை ஆண்டுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். எரிபொருளிலும் ஆள்கூலியிலும் மிச்சம் உண்டு. உடனடியாகப் பூத்துக் குலுங்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் தனியார் கிளப்புகள் முதலில் தங்கள் உறுப்பினர்களின் பொறுமையை அளந்து பார்த்துக்கொள்வது நலம். ஃபுளோரிடா, டெக்சஸ் போன்ற தென்மாநில மைதானத்தார், நாற்றுப் பண்ணைகளில் எளிதில் கிடைக்கும் சிவப்பும் மஞ்சளுமான வெப்பமண்டல மில்க்வீட்டை வாங்கி நடக் கூடாது. குளிர்காலத்திலும் பட்டுப்போகாத அந்தச் செடியில் மொனார்க்கைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி ஆண்டு முழுவதும் பெருகுகிறது. அடுத்த நவம்பரில் விதைக்க விரும்பும் வடமாநில மைதானங்கள், பழைய புல்லை அழிக்கும் வேலையை மே மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். விதை கையில் வந்த பிறகு நிலத்தைத் தேடினால் அந்த ஆண்டு போய்விடும்.