செயலியில் ஆள் பிடித்து சமையலறை டைல்ஸ் ஒட்டினேன்: 70 சதவீதம் போச்சு

சமையலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்ட ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் தேடுங்கள். நேற்று ராத்திரி சிங்குக்கு மேலே இருந்த டைல்ஸ் நான்கு, யாரும் தொடாமலேயே கழன்று மேடையில் விழுந்தன. ஒட்டியவர் போனை எடுப்பதில்லை. அவரை அனுப்பிய செயலி, வேலை நல்லபடியாக முடிந்ததாகச் சாதிக்கிறது. பில்லில் 70 சதவீதம் கொடுத்தாகிவிட்டது. டைல்ஸ் வாங்கிய காசு தனி, அதை இதில் சேர்க்கவே இல்லை.

வீட்டு வேலைகளுக்கு ஆள் ஏற்பாடு செய்து தரும் செயலிகளில் ஒன்று. பெயர் கேட்காதீர்கள், புகார் இன்னும் நடக்கிறது. இப்படி மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்தது.

செயலியில் போட்டிருந்தது சதுர அடிக்கு இவ்வளவு கூலி என்று ஒரே ஒரு வரி. பார்க்கப் பரவாயில்லை என்றுதான் இருந்தது. அடுப்பு மேடைக்கு மேலே 10 அடி நீளம், 2 அடி உயரம் என்றால் 20 சதுர அடி. வெட்டும்போது வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 22 சதுர அடி டைல்ஸ் வாங்க வேண்டும். குறுக்காகவோ அம்பு மாதிரியோ ஒட்டுவதாக இருந்தால் 15 சதவீதம். இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும், போட்டும் வைத்திருந்தேன். கூலிக் கணக்குதான் வேறு மாதிரி போனது.

அளவெடுக்க வந்தவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்பிக்கை வந்தது அங்கேதான். சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தார். பழைய டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். சிலது "டங்" என்றது, சிலது "டொக்" என்றது. "இந்த டொக்கு சத்தம் கேக்குதா அக்கா? உள்ளே காலி. நாலு மூலையிலயும் நடுவுலயும் உருண்டை வச்சு அமுக்கிட்டுப் போயிருக்காங்க. நாம அப்படிப் பண்ண மாட்டோம். பசையை முழுசா இழுத்து, பல்லு வச்ச கரணையால வாரி விட்டுத்தான் ஒட்டுவோம்" என்றார். அப்புறம் மட்டக்கட்டையைச் சுவரில் வைத்து, சுவர் எங்கே வயிறு தள்ளியிருக்கிறது என்று காட்டினார். இவ்வளவு தெரிந்த ஒருவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அன்றைக்கே செயலி வழியாகப் பாதிப் பணம் கட்டினேன்.

வேலை தொடங்கியதும் ஒவ்வொன்றாக வந்தது. பழைய டைல்ஸை உடைத்து எடுப்பதற்குத் தனி. உடைத்த குப்பையைக் கீழே இறக்குவதற்குத் தனி. சுவரை மட்டம் செய்து பூசத் தனி. பிளக் பாயிண்டுக்கு ஓட்டை போட, ஓட்டைக்கு இவ்வளவு. மூலையில் இரண்டு டைல்ஸ் சேரும் விளிம்பை 45 டிகிரியில் சீவ, அடிக்கு இவ்வளவு. இடுக்கை அடைக்கும் கிரவுட் தனி. ஜன்னல் இருக்கும் இடத்தையும் சேர்த்தே அளந்திருந்தார். அங்கே டைல்ஸே கிடையாதே என்றால், "ஜன்னலைச் சுத்தி வெட்டுறதுதான் அக்கா அதிக வேலை" என்றார். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சின்ன இடத்துக்குச் சதுர அடிக் கூலி கூடத்தான் செய்யும். தரையில் பெரிய பெரிய டைல்ஸாகப் பரப்பிக்கொண்டே போவதும், சமையலறைச் சுவரில் சுவிட்ச், குழாய், ஜன்னல் என்று இஞ்ச் இஞ்சாக வெட்டி ஒட்டுவதும் ஒன்றில்லை. ஆனால் இதெல்லாம் அளவெடுத்த அன்று தெரியாதா? சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தவருக்கு பிளக் பாயிண்ட் மட்டும் கண்ணில் படவில்லையா?

ஆக, முதலில் சொன்னதைப் போல ஒன்றரை மடங்கு ஆனது பில். அந்தப் பில்லில் 70 சதவீதம் கொடுத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள், முதலில் பேசிய முழுத் தொகையைவிட அது அதிகம்! கூடுதல் வேலைக்கான பணத்தைச் செயலியில் கட்ட முடியாது, நேரே என் கணக்கில் போடுங்கள் என்றார். மிச்சம் 30 சதவீதம் கிரவுட் அடைத்த பிறகு என்று பேச்சு.

கிரவுட் அடைக்க அவர் வரவே இல்லை. ஒட்டி முடித்த சாயங்காலம், "நாளைக்குக் காஞ்சதும் கிரவுட் போட்டுடலாம் அக்கா. நாளைய வேலையைப் பதியணும், போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றார். வந்த செய்தியில் நான்கு இலக்க எண் மட்டும் இருந்தது, எதற்கு என்று ஒரு சொல் இல்லை. அது நாளைய வேலைக்கு இல்லையாம். வேலை முழுவதும் திருப்தியாக முடிந்தது என்று நான் கையெழுத்துப் போட்டதற்குச் சமமாம். செயலிக்காரர்கள் பிறகு சொல்லித்தான் தெரிந்தது.

விழுந்த டைல்ஸைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கோடு கோடாக இருக்குமே, அந்தக் கோடுகளுக்குள் துளி சிமெண்ட் இல்லை. கையால் துடைத்தால் வெறும் வெள்ளைத் தூசி. கடையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. சுவரில் மட்டும் ஐந்து வட்டம், நாலு மூலையிலும் நடுவிலும். அதே உருண்டை! ஒரு நாணயத்தை எடுத்து மிச்சத்தைத் தட்டிப் பார்த்தேன், அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே. பாதிக்கு மேல் டொக்.

பில்லில் "டைல்ஸ் பசை" என்று தனியாக ஒரு வரி போட்டு வாங்கியிருக்கிறார். பின்கட்டில் கிடக்கும் காலிப் பை சாதாரண சிமெண்ட் பை. நான் வாங்கியது போர்சிலின் டைல்ஸ், நீர் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்குள் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. வழக்கமான செராமிக் சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு சிமெண்ட் பாலில் ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். போர்சிலின் தண்ணீரையே உள்ளே விடாது, வெறும் சிமெண்ட் அதில் எப்படிப் பிடிக்கும்? அதற்கென்றுதான் பாலிமர் கலந்த பசை விற்கிறார்கள். அமெரிக்க டைல்ஸ் தரவிதியில், ஈரம் படாத உள்சுவராக இருந்தால்கூட டைல்ஸின் பின்பக்கம் குறைந்தது 80 சதவீதம் பசை பட்டிருக்க வேண்டும், ஈரமான இடத்தில் 95. ஐந்து உருண்டையில் அது பாதிகூட வராது. இதெல்லாம் அந்த ஆளுக்குத் தெரியாததா? அவர்தானே எனக்குப் பாடம் எடுத்தார்.

இனி செயலி. முதலில் பேசியது ஒரு இயந்திரம். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?" என்று கேட்டு, இல்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. கெஞ்சிக் கூத்தாடி மனுஷக் குரல் ஒன்றைப் பிடித்தேன். "ஓடிபி கொடுத்துவிட்டீர்களே மேடம், எங்கள் கணக்கில் வேலை முடிந்துவிட்டது." சரி, கூடுதலாகக் கொடுத்த பணம்? "அது செயலி வழியாக வரவில்லையே மேடம், எங்களுக்குச் சம்பந்தமில்லை." செயலி வழியாகக் கட்டிய பணம்? "அது முடிந்த வேலைக்கு." படம் எடுத்து அனுப்பினால், டைல்ஸ் தரம் சரியில்லை, கடையில் கேளுங்கள் என்று பதில். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, பின்பக்கத்தில் பசையே இல்லையே அம்மா என்று சிரிக்கிறார். இன்னொரு தடவை பேசியபோது வேறொரு குரல் பெருந்தன்மையாக, அடுத்த வேலைக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகச் சொன்னது. அடுத்த வேலையாம்! 70 சதவீதம் வாங்கிக்கொண்டு கூப்பன்!

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

சதுர அடிக் கூலியை மட்டும் கேட்காதீர்கள். உடைப்பது, குப்பை, பூச்சு, ஓட்டை, விளிம்பு, கிரவுட், பசை எல்லாம் உள்ளேயா வெளியேயா என்று எழுதி வாங்குங்கள். பசை மூட்டையைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், முதல் டைல்ஸை ஒட்டியதும் ஒரு தடவை பெயர்த்துக் காட்டச் சொல்லுங்கள், காயும் முன்னால் அது சுலபமாக வரும். ஓடிபி எதற்கு என்று தெரியாமல் யாருக்கும் சொல்லாதீர்கள். ஒட்டியது நன்றாகக் காய்ந்து, தட்டிப் பார்த்த பிறகு பெரும்பகுதிப் பணம். அவ்வளவுதான்.

ஒரு உதவி வேண்டும். மிச்ச டைல்ஸில் உடையாமல் பெயர்த்து எடுக்கக்கூடியது ஏதாவது தேறுமா? பின்பக்கம் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, மறுபடி பசை வைத்து ஒட்டலாம் போலத் தெரிகிறது. செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், புதுப் பெட்டி வாங்க இப்போது கையில் காசு இல்லை.