செபராங் பிறை மரக்கடை: செங்கால் மரம் நம்பி வாங்கலாம், ஸ்குரூ வேற எடத்துல பாருங்க

நிபோங் தெபால்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி கிரியான் ஆறு. ஜெட்டிக்கு எறங்குற பழைய மெராந்தி மரப்படி உளுத்துப் போயி கால வச்சா ஆடுது, அத பிச்சுப் போட்டுட்டு அப்பா, மாமா, நாங்க பசங்க எல்லாம் சேந்து புதுசா கட்டுனோம், மரம் மொத்தமும் ஒரே கடையிலதான் எடுத்தோம். கடை பேரு வேணாம், கொறையும் சொல்லப் போறேன்ல.

மொதல்ல நல்லது. செங்கால் கேட்டா செங்கால்தான் குடுக்குறாங்க. தவுக்கே, அதான் கடை மொதலாளி, ஒரு முனைய வெட்டியே காட்டுனாரு, உள்ள மஞ்சளா லேசா பச்ச ஓடுச்சு, புது செங்கால் அப்படித்தான் இருக்கும், வெயில் பட்டா போகப் போக காப்பி கலராயிரும். பலகையில ஊசி குத்துன மாதிரி ஓட்ட பாத்துட்டு பூச்சி அரிக்குதுன்னு அம்மா வேணாம்னுட்டாங்க, ஆனா அது மரம் காட்டுல நிக்கும்போதே விழுந்த ஓட்ட, காஞ்ச பலகையில பரவாது, தவுக்கே பொறுமையா சொல்லிப் புரிய வச்சாரு, அதுக்கே ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

விலை மெராந்திய விட நல்லாவே கூட. டன் கணக்குல சொல்வாங்க, அது எடை இல்ல, 50 கன அடி சேந்தா ஒரு டன். 2க்கு 6 இன்ச், 12 அடி நீளப் பலகை ஒண்ணு சரியா 1 கன அடி, அத வச்சு வீட்டுலயே கணக்கு போட்டுட்டுப் போங்க, இல்லாட்டி அங்க நின்னு முழிக்கணும்.

அப்பாவுக்கு படி கம்மியா இருந்தா மரம் மிச்சம்னு நெனப்பு. மாமா பழைய ரெனோவேஷன் ஆளு, விடல. "ஏணி கட்றீங்களா படி கட்றீங்களா மச்சான், பாட்டியும் எறங்கணும்ல?" ஒரு படி உயரம் 7 இன்ச், கால் வைக்கிற அகலம் 11 இன்ச், உயரத்த ரெண்டால பெருக்கி அகலத்த கூட்டுனா 25 கிட்ட வரணும், அப்பதான் மூச்சு வாங்காதாம். இழைச்ச பலகை ரெண்ட நடுவுல கால் இன்ச் விட்டு அடிச்சா அகலம் சரியா வந்துருது, தண்ணியும் தேங்காது.

இப்ப ஸ்குரூ கதை. மஞ்சள் கலர் இரும்பு ஸ்குரூ பாக்கெட் ஒண்ண நீட்டி ஆத்துக்கு இதுவே போதும்லான்னு கடைப் பையன் சொன்னான். எங்க எடத்துல கடல் ஏறும்போது ஆத்துலயும் ஏறும், உப்புத் தண்ணி கீழ்ப் படிய முக்கிட்டுதான் எறங்கும். மாமாவுக்கு சந்தேகம், அதனால மேல் படியில மட்டும் போட்டு விட்டோம், மழையிலயே ஸ்குரூ தலையச் சுத்தி கருப்பா கறை எறங்கிருச்சு. செங்கால்ல இரும்பு பட்டா அப்படித்தான் ஆவும். திருப்பிக் கொண்டு போனா பாக்கெட் பிரிச்சாச்சுன்னு எடுத்துக்கல, அதான் எனக்கு கடுப்பு. படகு சாமான் விக்கிற கடையில 316 ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ கேட்டு வாங்குங்க, 304 உப்புக்குத் தாங்காது. டிரில்ல ஓட்ட போடாம செங்கால்ல ஸ்குரூ ஏத்துனா தலை முறிஞ்சு கையில வந்துரும்.

கரை ஆத்துக்குன்னு ஒதுக்குன ரிசர்வ் நெலமா இருந்தா ஜேபிஎஸ்ல, அதான் வடிகால் நீர்ப்பாசன இலாகாவுல, கேட்டுட்டு கை வைங்க.

லோரிக்கு தனிக் காசு. ரோட்டோரத்துல எறக்கிட்டுப் போயிருவாங்க, அந்த 12 அடி பலகை ஒண்ணே 25 கிலோவுக்கு மேல, அதனால தம்பி, மச்சான்னு ஆள் கூட்டி வச்சுட்டு லோரிக்குச் சொல்லுங்க.